தோற்றால் ஓடுகிறவர் ரசிகரா?

இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பழைய திருவல்லிக்கேணிக் கதைகளைத்தான் எழுதுவேன். இன்று கொஞ்சம் கோபமாக எழுதப்போகிறேன். கிரிக்கெட் பிடிக்காதவர்களும் ஒருமுறை படித்துவிடுங்கள். விஷயம் கிரிக்கெட்டோடு முடிகிற விஷயம் இல்லை.

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. சேப்பாக்கத்தில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் ஆட்டம். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் பெரிய டிவி வைத்து எல்லோரும் கூடி உட்கார்ந்திருந்தோம். மஞ்சள் சட்டை, விசில், சமோசா, காபி என்று கல்யாண வீடு மாதிரி இருந்தது. சென்னை 20 ஓவரில் 9 விக்கெட் இழந்து எடுத்தது 103. கொல்கத்தா அதை 10.1 ஓவரில், இரண்டே விக்கெட் இழந்து எடுத்து முடித்தது. 59 பந்து மிச்சம். சென்னைக்கு அது தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. அதுவரை இந்த அணிக்கு அப்படி நடந்ததே இல்லை.

கொல்கத்தா ஆடத் தொடங்கி நாலு ஓவர் ஆவதற்குள் ஹாலில் பாதி நாற்காலி காலி. மிச்சம் இருந்தவர்கள் டிவியைப் பார்க்கவில்லை, குனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பு படிக்கிற என் பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஓர் ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லி, "அவனெல்லாம் செத்துப் போகணும் தாத்தா" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யார்றா இப்படியெல்லாம் பேசக் கத்துக் குடுத்தது?" என்று கேட்டேன். அவன் என்னுடைய போனையே எடுத்து, எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து காட்டினான். இவன் சொன்னதைவிட மோசமாகப் பெரியவர்கள் எழுதியிருந்தார்கள். எழுதியவர்களில் மூன்று பேர் தினமும் காலையில் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு வாக்கிங் போகிறவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

அன்றிலிருந்து மனதில் வைத்துக்கொண்டிருந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

தோற்றதும் "இனிமேல் இந்த டீமைப் பார்க்கவே மாட்டேன்" என்கிறவர், தோற்றவனைத் தெருநாயைத் திட்டுவதுபோலத் திட்டுகிறவர், அணி எப்படிப் போனாலும் எனக்கு ஒரே ஓர் ஆள் ஆடினால் போதும் என்கிறவர். இந்த மூன்று பேரும் தங்களை ரசிகர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மூன்று பேரும் ரசிகர்கள் இல்லை என்பது என் கட்சி.

முதலில் ஓடிப்போகிறவரைப் பார்ப்போம். அந்த ஏப்ரல் மாதத்தில் எங்கள் குடியிருப்பில் மட்டும் எத்தனையோ பேர் "ஐபிஎல்லை விட்டுட்டேன் சார்" என்று என்னிடம் சொன்னார்கள். ஏதோ சிகரெட்டை விட்ட மாதிரி பெருமையாகச் சொன்னார்கள். சரி, விடுங்கள். பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் இஷ்டம். ஆனால் இதே மனிதர்கள் 2023-ல் அகமதாபாத் இறுதி ஆட்டத்தில், மழை பெய்து நின்று, நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது கோப்பையை வாங்கிக் கொடுத்தபோது, "நாம ஜெயிச்சுட்டோம்" என்று விடியவிடியக் கத்தியவர்கள். ஜெயித்தால் "நாம", தோற்றால் "அவனுங்க". இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

ஓடிப்போனவர்கள் எதை இழந்தார்கள் என்றாவது தெரியுமா? அந்த வருஷம் சென்னை 14 ஆட்டத்தில் நாலே நாலு வென்று பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில் முடிந்தது. ஐபிஎல் தொடங்கிய 2008-லிருந்து சென்னைக்கு அது முதல் முறை. ஆனால் அந்தக் கடைசி இடத்து அணியில்தான் மே 3-ம் தேதி பெங்களூரில் ஆயுஷ் மாத்ரே என்கிற 17 வயதுப் பையன் 48 பந்தில் 94 ரன் அடித்தான். இரண்டே ரன்னில் ஆட்டம் போயிற்று. அந்த அணியில்தான் நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார். கடைசி ஆட்டத்தில், அகமதாபாத்தில், பலமாக இருந்த குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் அடித்தார்கள். எங்கள் ஹாலில் அந்த ஆட்டத்தைப் பார்த்தது மொத்தம் ஐந்து பேர். நான், பேரன், செக்யூரிட்டிக்காரர், மூன்றாம் மாடி விதவை அம்மா ஒருவர், அவருடைய தம்பி. ஏப்ரலில் கடையைக் கட்டிவிட்டுப் போனவர்களுக்கு அந்த 94 இனி எப்போதும் கிடையாது. யூடியூபில் பார்க்கலாம். மறுநாள் சூடு பண்ணிய இட்லி மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1973-ல் ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. தமிழ்நாட்டுக்கும் பம்பாய்க்கும். எனக்கு 13 வயது. எங்கள் பக்கம் வெங்கட்ராகவன், வி.வி. குமார் என்று சுழற்பந்துப் புலிகள். ஆடுகளமும் சுழலுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. பம்பாய் முதல் இன்னிங்ஸில் 151-க்குச் சுருண்டது. ஊரே குதித்தது. ஆனால் அதே ஆடுகளத்தில் பம்பாய்க்கும் ஒரு சுழற்பந்துக்காரர் இருந்தார், பத்மாகர் சிவால்கர். அவர் 16 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். நாம் 80-க்கு ஆல் அவுட். மறுபடி பம்பாய் 113. நமக்கு மறுபடி விக்கெட்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

பள்ளிக்கூடம் காரணமாக முதல் இரண்டு நாள் என்னை விடவில்லை. மூன்றாம் நாள் அழைத்துப்போவதாக அப்பா ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் நிலைமை தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு மிச்சம் ஒரே ஒரு விக்கெட், எடுக்க வேண்டியதோ நூற்றுக்கு மேல். "இனிமே எதுக்குப் போகணும்?" என்று அம்மா கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. காலையில் தயிர்சாதமும் நார்த்தங்காயும் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பெல்ஸ் ரோடு வழியாக நடந்தார். உள்ளே போய் உட்கார்ந்தோம். முதல் பந்து. விக்கெட். ஆட்டம் முடிந்தது. 61 ரன்னுக்கு ஆல் அவுட். 123 ரன் வித்தியாசத்தில் பம்பாய் ஜெயித்தது.

நான் ஓவென்று அழுதேன். அப்பா எழுந்து நின்று பம்பாய்க்காரர்களுக்குக் கை தட்டினார். பிறகு நம்மவர்கள் பெவிலியனுக்குத் திரும்பியபோது அவர்களுக்கும் தட்டினார். அப்புறம் உட்கார்ந்து, "சாப்பிட்டுட்டுப் போலாம், கட்டிண்டு வந்தது வீணாப் போகக் கூடாது" என்று டப்பாவைத் திறந்தார். காலை வேளையில், காலியான கேலரியில், நாங்கள் இரண்டு பேரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். திரும்பி வரும்போது, "அவா நன்னா ஆடினா, ஜெயிச்சா. அவ்வளவுதான்" என்றார். அதற்கு மேல் எந்த உபதேசமும் செய்யவில்லை.

அப்பா 1955-ல் பாலு அழகனன் தலைமையில் மதராஸ் அணி இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ரன்னில் வென்று முதல் ரஞ்சிக் கோப்பையை வாங்கியதைச் செய்தித்தாளில் படித்துக் குதித்தவர். இரண்டாவது கோப்பை எப்போது வந்தது தெரியுமா? 1988-ல். வாசுதேவன் தலைமையில், சேப்பாக்கத்திலேயே, ரயில்வே அணியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றார்கள். நடுவில் 33 வருஷம். அந்த 33 வருஷமும் அப்பா ஒருமுறைகூட "விட்டுட்டேன்" என்று சொன்னதில்லை. 1988-ல் கோப்பை வந்த அன்று சாயங்காலம் பார்த்தசாரதி கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். அதுதான் அவருடைய கொண்டாட்டம். பட்டாசு வெடிக்கவில்லை. யாரையும் கேலி செய்யவில்லை.

இரண்டாவது ஆள், திட்டுகிறவர். இவரைப் பற்றி எழுதும்போது நான் என் முகத்தையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1996 மார்ச் 13. கல்கத்தா ஈடன் தோட்டத்தில் உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கையோடு. சச்சின் அவுட் ஆன பிறகு விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. 8 விக்கெட்டுக்கு 120. கூட்டம் பாட்டில் வீசியது, கேலரியில் தீ வைத்தது, ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றி என்று அறிவித்துவிட்டார்கள். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது என் மகனுக்குப் பத்து வயது. "அப்பா, நாம தோத்துட்டோமா?" என்று கேட்டான். கேட்டது அவ்வளவுதான். நான் அவனைக் கன்னத்தில் அறைந்தேன்.

ஏன் அறைந்தேன்? இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போன மனிதருக்குப் பிறந்தவன் நான். அந்த நிமிஷத்தில் நான் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாலும், ஈடன் தோட்டத்தில் பாட்டில் வீசியவர்களில் ஒருவன்தான். அவர்கள் கையில் பாட்டில் இருந்தது, என் பக்கத்தில் பிள்ளை இருந்தான். வித்தியாசம் அவ்வளவே. அதன்பிறகு வெகுநாள் அவன் என்னோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கவில்லை. படிக்கணும் என்பான். நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே நான் உத்தமன் என்ற இடத்திலிருந்து இதை எழுதவில்லை. தப்புப் பண்ணி, அதற்கு விலையும் கொடுத்தவன் என்ற இடத்திலிருந்து எழுதுகிறேன்.

திட்டுகிறவர்கள் சொல்லும் நியாயங்கள் எனக்குத் தெரியும். வாக்கிங் போகிறபோது வாதாடித்தான் பார்த்தேன்.

"காசு குடுத்து டிக்கெட் வாங்கறோம் சார், திட்ட உரிமை இல்லையா?" என்றார் ஒருவர். சினிமாவுக்கும் காசு கொடுக்கிறோம், ஓட்டலிலும் காசு கொடுக்கிறோம். சாம்பாரில் உப்பு அதிகம் என்றால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்வோம். சமையல்காரனுடைய பெண்டாட்டி பிள்ளையைத் திட்டுவோமா? டிக்கெட் ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு. ஜெயிப்பார்கள் என்று எந்த டிக்கெட்டிலும் அச்சடித்திருக்கவில்லை. அப்படி அச்சடித்து விற்றால் அது விளையாட்டே இல்லை.

"ஆசை இருக்கிற இடத்துலதான் சார் கோபமும் வரும்" என்றார் இன்னொருவர். இது நல்ல வாதம். கோபம் வரட்டும். எனக்கும் வந்தது. பவர் பிளேயில் கட்டை போட்டார்கள், ஏலத்தில் ஆள் எடுத்தது சரியில்லை, வயதானவர்களை நம்பி இளைஞர்களை வெளியே உட்கார வைத்தார்கள் என்று நானும்தான் பேசினேன். அதெல்லாம் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. பேச வேண்டும், பேசாதவன் ரசிகனே இல்லை. ஆனால் ஒருவனுடைய சாதியை, நிறத்தை, மாநிலத்தை, தாயைப் பற்றிப் பேசுவது எந்த ஆசையிலிருந்து வருகிறது? 2020-ல் சென்னை ஒரு ஆட்டம் தோற்றதும், தோனியின் ஐந்து வயது மகளைப் பற்றி இணையத்தில் வாயால் சொல்ல முடியாத மிரட்டல் வந்தது. அதற்காகப் போலீஸ் பிடித்த பையனுக்கு வயது 16. அவனுக்கு அந்த பாஷையைக் கற்றுக் கொடுத்தது யார்? அவனுக்குப் பின்னால் எத்தனை வாட்ஸ்அப் குழு, எத்தனை அப்பா, எத்தனை தாத்தா இருந்திருப்பார்கள்? பேரன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடாமல் அடித்ததற்குக் காரணம் இதுதான். 11 வயதுக்கும் 16 வயதுக்கும் நடுவில் ஐந்து வருஷம்தான் இருக்கிறது.

"உங்க காலம் வேற சார், அப்பல்லாம் சேப்பாக்கம் கூட்டம் ரொம்ப டீசண்ட்" என்பது மூன்றாவது வாதம். உடனே 1999-ஐ எடுத்துவிடுவார்கள். நானும் அங்கே இருந்தவன்தான். ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானுக்கு எதிராக ஜெயிக்க 271 வேண்டும். சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தார். அவர் அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான் பாக்கி, கையில் மூன்று விக்கெட். கடைசி நாலு விக்கெட்டும் நாலே ரன்னில் போய், 12 ரன்னில் தோற்றோம். கொஞ்ச நேரம் மயான அமைதி. அப்புறம் ஒரு மூலையில் கைதட்டல் கேட்டது. வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்களும் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது. என் மகனையும் அன்று கூட்டிப்போயிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முந்தின அறைக்கு வாயால் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் கூட்டிப்போயிருந்தேன். அவனும் எழுந்து நின்று தட்டினான்.

அது பெரிய விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷக் கைதட்டலை வங்கியில் டெபாசிட் போட்டதுபோல வைத்துக்கொண்டு, 26 வருஷமாக வட்டி சாப்பிடுகிறோம். "சென்னை ரசிகன் மாதிரி வருமா?" என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். அன்று தட்டியவர்கள் தட்டினார்கள். இன்று நாம் என்ன செய்கிறோம்? தாத்தா நெய் ஊற்றிச் சாப்பிட்டால் பேரன் கை மணக்காது.

மூன்றாவது ஆள், ஒரே ஓர் ஆளுக்காக வருகிறவர். இவரைத் தொட்டால் ஊரே என்னை அடிக்க வரும். இருந்தாலும் சொல்கிறேன். தோனியை எனக்கும் பிடிக்கும். இந்த அணிக்கு அவர் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் சேப்பாக்கத்தில் நம் அணியின் விக்கெட் விழுந்ததும் கூட்டம் ஆனந்தக் கூத்தாடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஏன்? அடுத்து தோனி வருவார். அவுட் ஆகித் தலைகுனிந்து வருகிறவனும் நம் ஆள்தானே? 2023-ல் ஜடேஜாவே ஆட்டம் முடிந்த பிறகு மைக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார், தான் மேலே வந்து ஆடினால் தான் எப்போது அவுட் ஆவோம் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள் என்று. அவர் சிரித்தார், நாமும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே மனிதர்தான் சில நாளில் அகமதாபாத்தில் கடைசி இரண்டு பந்தை அடித்து நம் மானத்தைக் காப்பாற்றினார்.

கோயிலுக்குப் போய் மூலவரைப் பார்க்காமல் யானையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. தப்பில்லை, யானையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் யானை இல்லாத அன்று கோயிலே வேண்டாம் என்றால், அவரைப் பக்தர் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு விஷயம் சொன்னால் சென்னைக்காரர்களுக்குக் கசக்கும். பெங்களூர் அணி ரசிகர்களை எத்தனை வருஷம் கேலி செய்தோம்! "இந்த வருஷம் கப் நமதே" என்று அவர்கள் கன்னடத்தில் ஒவ்வொரு வருஷமும் சொல்வதையும், ஒவ்வொரு வருஷமும் வெறுங்கையோடு போவதையும் வைத்து எவ்வளவு மீம் போட்டோம்! நானும் இரண்டை ஃபார்வர்ட் செய்தவன்தான். 2025 ஜூன் 3-ம் தேதி, 18-வது வருஷத்தில் அவர்கள் முதல் கோப்பையை வாங்கினார்கள். அப்போதுதான் யோசித்தேன். 17 வருஷம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய், 18-வது வருஷமும் அதே சிவப்புச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தவன் பெரிய ரசிகனா, ஐந்து தோல்வியில் சட்டையைக் கழற்றிய நாம் பெரிய ரசிகர்களா?

மறுநாள், ஜூன் 4, பெங்களூர் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே கூட்ட நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்கள். வெற்றி விழா பார்க்க வந்த பிள்ளைகள். அந்தச் சாவுக்கு அவர்களைக் குறை சொல்லும் பாவத்தை நான் செய்யமாட்டேன். பிள்ளைகள் சந்தோஷத்தில் ஓடி வருவார்கள். அத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்து ஏற்பாடு செய்ய வேண்டியது பெரியவர்கள் வேலை. ஆனால் அன்று ராத்திரி நம் பக்கத்துக் குழுக்களில் சிலர் அதையும் கேலி செய்து படம் போட்டார்கள். 11 வீட்டில் பிணம் கிடக்கிறது, இங்கே சிரிக்கிறார்கள். அன்றுதான் நான் எங்கள் குடியிருப்புக் குழுவை விட்டு வெளியே வந்தேன். காரணம் எழுதிவிட்டுத்தான் வந்தேன். யாரும் பதில் போடவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் மட்டும் மறுநாள் வாக்கிங்கில் என்னைப் பார்த்து, "தப்புதான் சார்" என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

கடைசியாக நம் ஊர் அணியைப் பற்றி. ரஞ்சிக் கோப்பை ஆடுகிற தமிழ்நாடு அணி. 1934-ல் ரஞ்சியின் முதல் ஆட்டமே நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. மதராஸும் மைசூரும் ஆடி, ஒரே நாளில் முடிந்துபோன ஆட்டம். ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்து மதராஸை ஜெயிக்க வைத்தார். அவ்வளவு பழைய பந்தம். 1988-க்குப் பிறகு நாம் எத்தனை இறுதி ஆட்டத்தில் தோற்றோம் என்று மஞ்சள் சட்டைக்காரர் ஒருவரைக் கேட்டுப்பாருங்கள். 1992-ல் டெல்லியிடம், 1996-ல் கர்நாடகத்திடம், 2003-லும் 2004-லும் மும்பையிடம், 2012-ல் ராஜஸ்தானிடம், 2015-ல் மறுபடி கர்நாடகத்திடம். ஆறு தடவை. 2015-ல் கருண் நாயர் ஒருவரே 328 அடித்தார், நாம் இன்னிங்ஸும் 217 ரன்னும் தோற்றோம். 2024-ல் அரையிறுதியில் மும்பையிடம் இன்னிங்ஸும் 70 ரன்னும் தோற்றோம்.

2012 இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். ஆபீசில் லீவு போட்டுவிட்டுப் போனேன். ராஜஸ்தான் முதல் இன்னிங்ஸில் 621. நம் ஆட்கள் வெயிலில் பந்து பொறுக்கிக்கொண்டே இருந்தார்கள். என் வரிசையில் நானும், காதில் டிரான்சிஸ்டர் வைத்திருந்த ஒரு பெரியவரும்தான். ஒரு பையன் பவுண்டரியில் விழுந்து பந்தைத் தடுத்தான். நாங்கள் இரண்டு பேரும் கை தட்டினோம். அவன் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான். இரண்டு பேர் தட்டியதே அவனுக்குக் கேட்டது. அந்த மைதானம் அவ்வளவு காலி.

இரண்டாவது கோப்பைக்கு அப்பா காத்திருந்தது 33 வருஷம். மூன்றாவதுக்கு நான் காத்திருப்பது இப்போது 37 வருஷம். அவரைத் தாண்டிவிட்டேன். என் ஆயுசில் வருமா என்று தெரியாது. வராவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஒருநாள் கோப்பையும் 20 ஓவர் கோப்பையும் நடுநடுவே வந்திருக்கின்றன. 2021-ல் ஷாருக் கான் கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் சிக்சர் அடித்து ஜெயித்தபோது, இந்த வயதில் நான் சோபாவிலிருந்து எழுந்து குதித்தேன். மனைவி பயந்துவிட்டாள். தோல்வி பார்த்துப் பார்த்துப் பழகியவனுக்கு வெற்றியின் ருசி கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். பசித்தவனுக்குச் சோறு மாதிரி.

"அப்ப, தோத்தாலும் சிரிச்சுக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்காதீர்கள். அப்படிச் சொல்லவில்லை. வருத்தப்படுங்கள், அன்று ராத்திரி சாப்பிடாமல்கூடப் படுங்கள். ஆட்டம் சரியில்லை என்றால் சரியில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஆனால் ஆட்டம் முடியும்வரை உட்காருங்கள். நன்றாக ஆடியவன் எதிரியானாலும் இரண்டு தட்டு தட்டுங்கள். வீட்டில் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு வாயைத் திறங்கள். நாம் ஒரு தோல்வியை எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பதை அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாளைக்குப் பரீட்சையிலோ வேலையிலோ அதற்கே ஒரு தோல்வி வரும்போது, நம்மிடம் பார்த்ததைத்தான் செய்யும். வெளியே யாரையாவது திட்டும், இல்லையென்றால் தன்னையே திட்டிக்கொள்ளும். இரண்டாவது இன்னும் பயங்கரம்.

பேரனிடம் அன்று ராத்திரியே பேசினேன். திட்டவில்லை. 1996-ல் அவனுடைய அப்பாவை நான் அறைந்த கதையைச் சொன்னேன். என் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். 29 வருஷத்தில் அதைப் பற்றி நாங்கள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "எனக்கு அப்பவே மறந்துபோச்சுப்பா" என்றான் மகன். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ரஞ்சி சீசன் தொடங்கியதும், சேப்பாக்கமோ கோயம்புத்தூரோ, தமிழ்நாடு ஆடுகிற ஓர் ஆட்டத்துக்கு மூன்று பேருமாகப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். "அதுல யார் தாத்தா ஸ்டார்?" என்று கேட்டான் பேரன். "போய்ப் பார்த்தாத் தெரியும்" என்றேன். "தோத்துட்டா?" என்றான். "தயிர்சாதம் கட்டிண்டு போவோம்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. 1973 கதையை இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை. மைதானத்தில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

அந்த 1973 இறுதி ஆட்டத்தின் மூன்றாம் நாள் காலை, ஒரே ஒரு பந்துக்காகச் சேப்பாக்கத்துக்கு வந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் அவசியம் எழுதுங்கள். அன்று நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.